கல் லேசாக இருந்த வருஷம்

அந்த வருஷம், ஜப்பான் மலைக் கிராமமான ஹினோகுபோவில், ஊர்ச் சாமி அள்ளி அள்ளிக் கொடுத்தது. ஊர் மண்டபத்தில் நடக்கிற 'நூறு வயசு வகுப்பு'க்குப் போகும் பதினோரு கிழவிகளில் ஒருத்தி பாக்கியில்லாமல் எல்லாருக்கும் கல் லேசாக வந்தது.

கல் என்றால் கோயிலுக்குப் பின்னால், சின்னக் கூரைக்குக் கீழே, சிவப்பு மெத்தைமேல் உட்கார்ந்திருக்கிற உருண்டைக் கல். கனம் ஐந்து கிலோ அரிசிப் பை இரண்டு இருக்கும். புது வருஷத்தன்று மலையேறிப் போய்ச் சாமி கும்பிட்டுவிட்டு, மனசுக்குள் ஒரு காரியத்தைக் கேட்டுக்கொண்டு அதைத் தூக்க வேண்டும். லேசாக வந்தால் காரியம் நடக்கும், கனத்தால் நடக்காது. "அதெல்லாம் சும்மா விளையாட்டுக்கு" என்றுதான் ஊரில் எல்லாரும் சொல்வார்கள். ஆனால் தூக்கிப் பார்க்காமல் ஒருத்தரும் படியிறங்க மாட்டார்கள்.

சாராயக் கடை மசுயேவுக்கு எழுபத்தெட்டு வயசு. தன் மருமகளுக்குச் சமையல் வரவேண்டும் என்று கேட்டுக்கொண்டு கல்லைத் தூக்கினாள். தூக்கிய வேகத்தில் கல் நெஞ்சு வரைக்கும் வந்துவிட்டது.

"அடி ஆத்தே! சாமியும் எங்க வீட்டுல ஒருநாள் சாப்பிட்டிருக்கும் போல!" என்றாள். வரிசையில் நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் கூரைமேல் இருந்த பனி உதிர்ந்தது.

வகுப்புப் பக்கமே எட்டிப் பார்க்காத தபால்காரர் மனைவிக்கு மட்டும் கல் அசைந்து கொடுக்கவில்லை. கோயில் துப்புரவு முறை வருகிற நாளிலெல்லாம் அவள் டிமிக்கி கொடுத்துவிடுவாள், அதுதான் காரணம் என்று பேசிக்கொண்டார்கள். வேறு காரணம் இருக்கலாம் என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை.

கடைசியாகக் கல்லுக்கு முன்னால் வந்தவள் கினுயோ. எழுபத்தாறு வயசு. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு சமைத்தவள். அண்டா தூக்கிய உடம்பு. ஆனால் போன புது வருஷம் இதே கல் அவளுக்கு ஒரு சாண்கூட எழும்பவில்லை. அதற்கு முந்தின வருஷம்தான் ஈரப் படியில் வழுக்கி, கையை ஊன்றி, மணிக்கட்டை முறித்துக்கொண்டிருந்தாள். இந்த வருஷம் இரண்டு கையாலும் கல்லைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடினாள். 'இவரைக் கடைசிவரைக்கும் நானே தூக்கணும். வேற யாரும் வேண்டாம்.' அவ்வளவுதான் கேட்டாள்.

கல் வெறும் பானை மாதிரி வந்தது. கினுயோ அதைப் பிடித்தபடியே கொஞ்ச நேரம் நின்றாள். கீழே வைத்துவிட்டுத் திரும்பியபோது அவள் முகத்தைப் பார்த்த மசுயே, "என்னடி கேட்டே? புதுப் புருஷனா?" என்றாள். கினுயோ கல்லை ஒருதடவை தடவிக் கொடுத்தாள். படியிறங்குகிற வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தாள்.

*

'இவர்' என்றால் தமோட்சு. எண்பத்திரண்டு வயசு. மலையில் மரம் வெட்டி லாரியில் ஏற்றிக்கொண்டிருந்த ஆள். ஆறு வருஷத்துக்கு முன்னால் மூளையில் ரத்தம் கட்டி வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சு இரண்டு சொல்லுக்கு ஒருதடவை நின்று நின்று வரும். வாய்க்கொழுப்பு மட்டும் துளியும் குறையவில்லை.

கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து கழிப்பறைக்கு, மறுபடி நாற்காலிக்கு, மறுபடி கட்டிலுக்கு. ஒரு நாளைக்கு எட்டுத் தடவை கினுயோ அவரைத் தூக்க வேண்டும். அவருடைய இடது கையை எடுத்துத் தன் கழுத்தில் மாட்டிக்கொள்வாள். இரண்டு கையாலும் அவர் இடுப்புப் பட்டியைப் பிடிப்பாள். கன்னமும் கன்னமும் ஒட்டியிருக்க அவர் காதுக்குள் சொல்வாள்: "ஒண்ணு, ரெண்டு, மூணு." மூன்றுக்கு அவர் இடது காலால் தரையை உந்துவார். ஐம்பத்து நான்கு கிலோ எழுந்து நிற்கும்.

"லேட்டு" என்பார் சில நாள். "கனம் கூடிட்டீங்க" என்பாள் அவள். ஆறு வருஷமாக அந்த வீட்டில் கொஞ்சலும் சண்டையும் எல்லாம் இப்படித்தான் நடந்துகொண்டிருந்தது.

மணிக்கட்டு முறிந்தபோது தமோட்சு ஏழு வாரம் முதியோர் இல்லத்தில் இருக்கவேண்டி வந்தது. ஏழு வாரத்தில் நாலு கிலோ இளைத்துவிட்டார். அவரைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றைக்கே கினுயோ முடிவு பண்ணிக்கொண்டாள், இனிமேல் எனக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று. எனக்கு ஏதாவது ஆனால் இவரை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அவளுக்கு வேறு பயமே கிடையாது, சாவு உட்பட.

அதனால்தான் கீழூர் டாக்டர் ஒகபயாஷி எலும்பைப் படம் எடுத்துப் பார்த்து, "உள்ளே சல்லடையா இருக்கும்மா" என்றபோது, மறுபேச்சில்லாமல் ஊசிக்குச் சம்மதித்தாள். ஆறு மாசத்துக்கு ஒரு ஊசி. டாக்டர் அன்றைக்கே விரலை நீட்டிச் சொல்லிவிட்டார்.

"இதுல ஒரே ஒரு கண்டிஷன். தேதி தவறக்கூடாது. நிறுத்தணும்னா என்கிட்ட சொல்லுங்க, வேற மருந்துக்கு மாத்திட்டுத்தான் நிறுத்தணும். பாதியில சும்மா விட்டுட்டீங்கன்னா, அதுவரைக்கும் சேர்த்ததெல்லாம் கடகடன்னு கரைஞ்சுடும். முதுகெலும்பு தானா நொறுங்கும்."

"சரிங்க டாக்டர்" என்றாள். அவர் கொடுத்த காகிதத்தை மடித்துக் கொண்டுவந்து, முள்ளங்கி விதைப் பொட்டலங்களோடு அலமாரியில் போட்டாள்.

"ஊசி மட்டும் போதாது" என்று வகுப்புக்கும் அவர்தான் அனுப்பினார். வகுப்பை நடத்துகிறவள் ஊராட்சி நர்ஸ் சிகமி. செவ்வாயும் வெள்ளியும் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, கணுக்காலிலும் மணிக்கட்டிலும் பட்டை கட்டிவிடுவாள். பட்டையில் சின்னச் சின்னப் பைகள் தைத்திருக்கும். ஒவ்வொரு பைக்கும் ஓர் இரும்புக் குச்சி, குச்சிக்கு இருநூறு கிராம். எட்டு எண்ணி மெதுவாகத் தூக்க வேண்டும், எட்டு எண்ணி இறக்க வேண்டும். அப்புறம் கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார வேண்டும். கடைசியில் முதுகை வளைக்காமல் முட்டியை மடக்கி ஐந்து கிலோ அரிசிப் பையைத் தரையிலிருந்து மேசைக்கு ஏற்ற வேண்டும். கினுயோ ஒரு குச்சியில் தொடங்கி ஏழு குச்சிக்கு வந்துவிட்டாள். பதினோரு பேரில் அவள்தான் முதல்.

ஊசியைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றால், போட்டதும் ஒன்றும் தெரியாது. சுருக்கென்று ஒரு குத்து, ஒரு பஞ்சு, அவ்வளவுதான். பட்டை கட்டினால் மறுநாள் தொடை பிடுங்குகிறது, மறுவாரம் படியேறுவது சுலபமாகிறது. எது வேலை செய்கிறது என்று உடம்புக்குத் தெரியாதா? இப்படி நினைக்கிற ஆள் அவள் ஒருத்தி மட்டுமில்லை. ஆனால் அவளுக்கு மட்டும்தான் சாமியும் சாட்சி சொன்னது.

*

ஜனவரி கடைசியில் ஊசித் தேதி. கூடத்துக் காலண்டரில் தமோட்சு இடது கையால் கோணல்மாணலாகச் சிவப்பு வட்டம் போட்டு வைத்திருப்பார். ஊசி போட்டுக்கொண்டு வந்ததும் கினுயோ அந்த வட்டத்தைக் குறுக்கே அடிப்பாள்.

கீழூருக்குப் பஸ்ஸில் ஐம்பது நிமிஷம். அன்றைக்கு முழுக்கத் தமோட்சுவை முதியோர் பகல் இல்லத்தில் விட வேண்டும். அவருக்கு அந்த இடம் அறவே ஆகாது. அங்கே கிழவர்களை வட்டமாக உட்கார வைத்துப் பாட்டுப் பாடச் சொல்வார்கள், பலூன் தட்டச் சொல்வார்கள்.

"மரம்... வெட்டினவன். பலூன் தட்டணுமாம்" என்பார். போய்வந்த பிறகு இரண்டு நாளைக்குச் சரியாகச் சாப்பிட மாட்டார்.

வட்டம் போட்ட நாள் விடிந்தது. கினுயோ அவரைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தாள். மிசோ சூப்பைச் சுட வைத்தாள். ஏழரை மணி பஸ் கீழே வளைவில் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவள் அசையவில்லை.

"ஊசி?" என்றார்.

"வேண்டாம்ங்க. கல்லு லேசா வந்துச்சுல்ல. போன வருஷம் அசையக்கூட இல்ல, இந்த வருஷம் பூ மாதிரி வருது. எலும்பு கெட்டியாகாமலா தூக்க முடியும்? இனிமே எதுக்கு மருந்து?"

தமோட்சுவுக்குக் கல்மேல் நம்பிக்கை கிடையாது. அந்தக் கோயில் கூரைக்கு மரம் கொண்டுவந்து போட்டவரே அவர்தான். மூக்கால் ஒரு சத்தம் விட்டார். ஆனால் போ என்று சொல்லவில்லை. அவள் போகாவிட்டால் பலூனும் இல்லை, பாட்டும் இல்லை. சூப்புக் கிண்ணத்தை இடது கையில் எடுத்துக் குடித்தார். இரண்டாவது கிண்ணமும் கேட்டார்.

பிப்ரவரியில் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. "சளி பிடிச்சிருக்கும்மா, சரியானதும் வரேன்" என்றாள். மார்ச்சில் மறுபடி வந்தது. யூசு எலுமிச்சை மரங்களுக்குக் கவாத்து வேலை என்றாள். ஏப்ரலில் சிகமியே வகுப்பு முடிந்ததும் கேட்டாள்.

"கினுயோம்மா, ஊசி போட்டாச்சுல்ல?"

"ஆச்சு ஆச்சு" என்றாள் கினுயோ, ஏழு குச்சிப் பட்டையைக் கழற்றிக்கொண்டே. எட்டாவது குச்சி போடலாமா என்று கேட்டாள். சிகமி அவள் தோளில் தட்டி, "மத்தவங்க உங்களைப் பார்த்துக் கத்துக்கணும்" என்றாள். பொய் சொன்ன வாய்க்குப் பாராட்டு கிடைத்தது. கினுயோவுக்குக் கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது, வீட்டுக்கு வருகிற வரைக்கும்.

காலண்டரில் ஜனவரி தாள் கிழிந்து போய்விட்டது. அடிக்காத வட்டமும் அதோடு போய்விட்டது.

*

ஜூனில் மழை பிடித்துக்கொண்டது. அந்த மாசம் பிளம் காய்க்கு உப்புப் போடுகிற மாசம். காயைக் கழுவித் துடைத்து, ஜாடியில் உப்போடு அடுக்கி, மேலே மரத் தட்டு வைத்து, அதன்மேல் கல் ஏற்ற வேண்டும். இது சாமிக் கல் இல்லை. மாமியார் காலத்து ஊறுகாய்க் கல், மூன்று கிலோ. இடது கையாலேயே எடுக்கலாம்.

எடுத்தாள். ஜாடிமேல் வைத்தாள். அப்போது முதுகின் நடுவில், நனைந்த குச்சியை ஒடித்தாற்போல் உள்ளுக்குள் ஒரு சத்தம். வெளியே யாருக்கும் கேட்டிருக்காது. கினுயோ ஜாடியைப் பிடித்தபடி நின்றாள். மூச்சை உள்ளே இழுக்க முடியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக, திருடுகிறவள் மாதிரி இழுத்துக்கொண்டாள்.

அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. தெரியாத மாதிரி இருந்துவிட வேண்டும் என்று அதே நொடியில் முடிவும் பண்ணிவிட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போனால் படம் எடுப்பார்கள். படம் எடுத்தால் சிகமிக்குத் தெரியும். சிகமிக்குத் தெரிந்தால் அன்று சாயங்காலமே இல்லத்து வண்டி வாசலில் நிற்கும். முட்டாள்தனம்தான், வேறென்ன. ஆனால் அந்தச் சமையலறையில் நின்றபோது அதுதான் புத்திசாலித்தனமாகப் பட்டது.

மூன்று நாள் தாக்குப் பிடித்தாள். வலி மாத்திரையை நேரம் பார்க்காமல் விழுங்கினாள். இடுப்பில் பழைய கிமோனோ பட்டியை இறுக்கிச் சுற்றிக்கொண்டாள். ஒரு நாளைக்கு எட்டு வீதம் இருபத்து நாலு தடவை அவரைத் தூக்கினாள். இரண்டாவது நாள் மதியம் தூக்கும்போது இன்னொரு குச்சி ஒடிந்தது. அவள் கீழே போடவில்லை. நாற்காலியில் பத்திரமாக உட்கார வைத்துவிட்டுக் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். முகத்தைக் கழுவிவிட்டு வந்து சோறு வடித்தாள்.

தமோட்சு ஒன்றும் கேட்கவில்லை. அவர் காது நன்றாகவே கேட்கும். அந்தக் காதுக்குள்தான் அவள் எண்ணுகிறாள்.

நாலாம் நாள் காலை. அவர் கையை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்ளக் குனிந்தாள். கை வரவில்லை. இடது கையால் கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தார்.

"கையை விடுங்க."

"மாட்டேன்."

"மணி ஏழாச்சு. நனைச்சுட்டீங்கன்னா யார் துவைக்கிறது?"

"நனையட்டும்."

"என்னங்க இது, சின்னப் பிள்ளையாட்டம் அடம்?"

"மூணு... சொல்லு."

"என்னது?"

"ஒண்ணு ரெண்டு... சொல்றே. மூணு நாளா... மூணு வரல. காத்துதான்... வருது. சொல்லு. பாப்போம்."

கினுயோ நிமிர்ந்து நின்றாள். நிமிர்ந்ததாக நினைத்துக்கொண்டாள். "ஒண்ணு" என்றாள். "ரெண்டு" என்றாள். மூன்றுக்கு மூச்சு இழுத்தபோது முதுகு அவளைப் பிடித்து நிறுத்தியது. வாய் திறந்திருந்தது, சொல் வரவில்லை.

தமோட்சு கம்பியிலிருந்து கையை எடுத்தார். தலைமாட்டில் பெரிய பொத்தான் வைத்த போன் இருக்கிறது. முதல் பொத்தான் ஒசாகாவில் இருக்கிற மகன், இரண்டாவது சிகமி. ஆறு வருஷத்தில் ஒருதடவைகூட அவர் அதைத் தொட்டதில்லை. இடது கட்டைவிரலால் இரண்டாவதை அமுக்கினார்.

"வைங்க! ஏங்க, போனை வைங்கன்னு சொல்றேன்!" கினுயோவால் கத்தக்கூட முடியவில்லை.

"சிகமி. நான்... தமோட்சு. அவளுக்கு... முதுகு. ஊசி போடல அவ. ஜனவரியிலேர்ந்து. நானும்... சொல்லல." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "என்னை எடுத்துட்டுப் போங்க. இன்னைக்கே. பலூன்... தட்டறேன்னு சொல்லு."

போனை வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "பாவி மனுஷா" என்றாள் கினுயோ. "இத்தனை நாள் உங்களுக்காகத்தானே..." அதற்குமேல் சொல்ல வராமல் அவர் கால்மாட்டில் உட்கார்ந்துவிட்டாள். வண்டி வருவதற்குள் படுக்கை நனைந்துதான் போனது.

*

படத்தில் முதுகெலும்புக் கட்டைகள் வரிசையாகத் தெரிந்தன. இரண்டு மட்டும் யாரோ மிதித்த தீப்பெட்டி மாதிரி நசுங்கியிருந்தன. டாக்டர் ஒகபயாஷி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் கினுயோவுக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

"ஏம்மா நிறுத்தினீங்க?"

"கல்லு லேசா வந்துச்சு டாக்டர்."

பக்கத்தில் நின்ற சின்ன நர்ஸ் விழித்தாள். டாக்டர் விழிக்கவில்லை. அவரும் பக்கத்து மலைக்காரர்தான்.

"எங்கம்மாவும் கல்லுகிட்டத்தான் கேப்பாங்க. கல்லு பொய் சொல்லலைம்மா. உங்க கைக்கும் தொடைக்கும் பலம் வந்திருக்கா, வந்திருக்குன்னு சொல்லுச்சு. சரியான பதில். எலும்பைப் பத்தி அதுக்கு என்ன தெரியும்?" ஒரு நிமிஷம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ரெண்டும் வேற வேற வேலைம்மா. பயிற்சி உங்களை விழாம நிறுத்தும், எலும்புக்கும் கொஞ்சம் வேலை கொடுக்கும். கரையிற எலும்பைப் பிடிச்சு வைக்கிறது ஊசி. ஊசியை மட்டும் போட்டுட்டுப் படுத்துக் கிடந்திருந்தா இந்நேரம் எங்கேயாவது விழுந்து இடுப்பை முறிச்சிருப்பீங்க. பட்டையை மட்டும் கட்டிக்கிட்டு ஊசியை விட்டீங்க, இது ஆச்சு."

"எப்ப சரியாகும்?"

"இன்னைக்கே ஊசியை மறுபடி ஆரம்பிக்கிறேன். மூணு மாசம் இடுப்புக் கவசம். அப்புறம் சிகமிகிட்ட ஒரு குச்சியிலேர்ந்து தொடங்கணும்."

"அவரை எப்பலேர்ந்து தூக்கலாம்?"

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். கினுயோ படத்தைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இனிமே கிடையாதும்மா" என்றார்.

கல்லிடம் அவள் கேட்டது ஒரே ஒரு காரியம். அது போய்விட்டது. தன் கையாலேயே போக்கிக்கொண்டாள் என்பதையும் சேர்த்து அன்றைக்குப் பஸ்ஸில் சுமந்துகொண்டு வந்தாள்.

மசுயே சமைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். சமைத்தது அவளா மருமகளா என்று முதல் வாயிலேயே தெரிந்துவிடும். ஒருநாள் பாத்திரத்தை வைத்துவிட்டு உட்கார்ந்தவள் கேட்டாள்: "ஏண்டி, பதினோரு பேருக்கும் எப்படிடி லேசா வந்துச்சு? பட்டை கட்டாத தபால்காரர் பொண்டாட்டிக்கு மட்டும் ஏன் கனத்துச்சு? என் மருமக இன்னும் மீனைக் கருக்கிக்கிட்டுத்தான் இருக்கா. அப்பவே தெரிய வேண்டாமா நமக்கு?"

கினுயோவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் வலித்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "போடி, சிரிக்க வைக்காதே" என்றாள்.

*

தமோட்சுவை வீட்டுக்குக் கொண்டுவர ஒரே வழி இயந்திரம்தான். கட்டிலுக்குமேல் தண்டவாளம் மாதிரி ஒரு கம்பி, அதில் ஒரு மோட்டார், அதிலிருந்து தொங்குகிற துணித்தொட்டில். அதில் மனுஷனை வைத்துப் பொத்தானை அமுக்கினால் தூக்கும், நகர்த்தும், இறக்கும். வாடகைக்கே கிடைக்கும்.

"ஆனா தொட்டிலை அவர் முதுகுக்கு அடியில விரிக்கணும்" என்றாள் சிகமி. "அவரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்டணும். நாற்காலியைச் சரிவுல தள்ளணும். அதுக்கெல்லாம் பலம் வேணும். நவம்பர் வரைக்கும் பாப்போம். முடியலைன்னா..."

"முடியும்" என்றாள் கினுயோ.

"ஊசி?"

"தேதியைச் சொல்லுங்க. எழுதிக்கிறேன்."

செப்டம்பரில் வகுப்புக்குத் திரும்பியபோது அவள் மூன்று சென்டிமீட்டர் குள்ளமாகியிருந்தாள். சமையலறை மேல்தட்டு எட்டவில்லை. ஏழு குச்சி போட்டவள் ஒரு குச்சியோடு கடைசி நாற்காலியில் உட்கார்ந்தாள். மற்றவர்கள் பார்க்காத மாதிரி இருந்தார்கள், அது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. குதிகாலைத் தூக்கி இறக்கினாள். சுவரில் முதுகை ஒட்டி நின்றாள். நாற்காலியிலிருந்து கையை ஊன்றி எழுந்தாள். அக்டோபர் நடுவில் ஊன்றாமல் எழுந்தாள். வாரம் இரண்டு தடவை இல்லத்துக்குப் போய், சிகமி பக்கத்தில் நிற்க, முதுகை வளைக்காமல் முட்டியைக் கொடுத்துத் தமோட்சுவை உருட்டிப் பழகினாள்.

"பரோட்டா மாவா... நான்?" என்றார் ஒருநாள். வாலிபத்தில் ஒருதடவை சிங்கப்பூர்த் துறைமுகத்தில் மரம் இறக்கப் போனபோது அவர் தின்ற சாமான் அது.

"மாவு இவ்வளவு பேசாது" என்றாள் அவள்.

இல்லத்துப் பெண்கள் சொல்லித்தான் இன்னொன்றும் அவளுக்குத் தெரிந்தது. ஐந்து மாசமாக அவர் ஒருநாள்கூடத் தவறாமல் பலூன் தட்டியிருக்கிறார். பாட்டும் பாடியிருக்கிறார். சாப்பாட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைப்பதில்லையாம். இளைத்தால் அவள் உடனே வந்து தூக்கிக்கொண்டு போய்விடுவாள் என்று அவருக்குப் பயம்.

நவம்பர் கடைசியில், மலை முழுக்க யூசு பழுத்து மஞ்சளாக இருந்த வாரத்தில், வண்டி அவரை வீட்டு வாசலில் இறக்கியது. மாட்டி முடித்திருந்த இயந்திரத்துக்குக் கீழே, கட்டிலில் அவரைப் படுக்க வைத்துவிட்டு வண்டிக்காரர்கள் போனார்கள். சிகமி எல்லாவற்றையும் ஒருதடவை சரிபார்த்துவிட்டு ஓரமாக நின்றுகொண்டாள். மசுயே வேடிக்கை பார்க்க வந்திருந்தாள்.

கினுயோ தொட்டிலை விரித்தாள். அவரை ஒருக்களித்து உருட்டினாள், துணியை இழுத்தாள், மறுபக்கம் உருட்டினாள். நான்கு கொக்கியையும் மாட்டினாள். முதுகு வலித்தது, ஆனால் மூச்சு நிற்கவில்லை. பொத்தானை அமுக்கினாள். மோட்டார் முனகியது. ஐம்பத்தைந்து கிலோ தமோட்சு கட்டிலைவிட்டு ஒரு சாண் எழும்பினார். அவரை யாரும் பிடித்திருக்கவில்லை. இடது கை பழக்கத்தில் ஒரு கழுத்தைத் தேடிக் காற்றில் நீண்டது.

"நிறுத்து" என்றார்.

அவள் பதறிப்போய் நிறுத்தினாள். "வலிக்குதா?"

"இதுக்கு... எண்ணத் தெரியல."

சிகமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.  கினுயோ அவரை மறுபடி கட்டிலில் இறக்கினாள். பொத்தான் கட்டையை வலது கையில் வைத்துக்கொண்டு, முட்டியை மடக்கி, முதுகை வளைக்காமல், சிகமி சொல்லிக் கொடுத்த மாதிரியே இறங்கி அவர் பக்கத்தில் வந்தாள். கன்னத்தைக் கன்னத்தோடு வைத்தாள். அவர் கை வந்து அவள் கழுத்தில் விழுந்தது.

"ஒண்ணு" என்றாள். "ரெண்டு." மூச்சை இழுத்துக்கொண்டாள். "மூணு."

பொத்தானை அமுக்கினாள். தொட்டிலுக்குள் தமோட்சுவின் இடது கால் உந்துவதற்குத் தரையைத் தேடிக் காற்றை உதைத்தது. இயந்திரம் அவரைத் தூக்கியது. அவரோடு சேர்ந்து கினுயோவும், அவர் கை கழுத்தில் இருக்க, மெதுவாக நிமிர்ந்து வந்தாள்.

"லேட்டு" என்றார்.

"கனம் கூடிட்டீங்க" என்றாள் அவள். அவரை நாற்காலியில் இறக்கி, கொக்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். அவர் கூடத்துக்குத் தள்ளிக்கொண்டு போகச் சொல்லி, காலண்டரில் ஊசி மாசமான டிசம்பர் தாளைத் திருப்பித் தரச் சொல்லி, சிவப்புப் பென்சில் கேட்டார்.